ஒரு மேசையிலிருந்து பல கணினிகள்: ஐபி கேவிஎம் சுவிட்ச் அமைக்கும் முறை

ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரைக் கொண்டு பல கணினிகளை மாறி மாறி இயக்க உதவும் கருவி கேவிஎம் சுவிட்ச். சாதாரண வகையில், இயக்குபவர் கணினிகளுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஐபி வகை அந்தக் கட்டுப்பாட்டை நெட்வொர்க் வழியே கொண்டுபோகிறது. அடுத்த மாடியிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ, சர்வரின் திரையைப் பிரவுசரில் திறந்து வேலை செய்யலாம்.

கணினியிலிருந்து வரும் வீடியோவைச் சுவிட்ச் வாங்கி, சுருக்கி, நெட்வொர்க்கில் அனுப்புகிறது. மறுமுனையில் தட்டும் எழுத்தும் மவுஸின் அசைவும் யுஎஸ்பி சமிக்ஞையாகக் கணினியைச் சென்றடைகின்றன. ரிமோட் டெஸ்க்டாப் போன்ற மென்பொருள்கள், இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தால்தான் பயன்படும். கேவிஎம்முக்கு அந்த நிபந்தனை கிடையாது. விண்டோஸோ லினக்ஸோ தொடங்காமல் நின்றுவிட்டாலும் பயாஸ் திரைக்குள் போய்ப் பழுது பார்க்கலாம். விர்ச்சுவல் மீடியா வசதி இருந்தால், கையிலுள்ள ஐஎஸ்ஓ கோப்பைத் தொலைவிலுள்ள சர்வரில் பென்டிரைவாகக் காட்டி, இயங்குதளத்தையே புதிதாக நிறுவலாம்.

வாங்கும்முன் இரண்டு எண்ணிக்கைகள் தெளிவாக வேண்டும்: இணைக்கவேண்டிய கணினிகள் எத்தனை, ஒரே நேரத்தில் இயக்குபவர்கள் எத்தனை பேர். 8, 16, 32 போர்ட்டுகளுடன் மாடல்கள் கிடைக்கின்றன. டெல்லின் ஐடிராக், எச்பிஇயின் ஐஎல்ஓ போன்ற தொலைக் கட்டுப்பாட்டு வசதி உள்ளே அமைந்த சர்வர்களுக்குத் தனிச் சுவிட்ச் தேவைப்படாமலும் போகலாம். ஒரே கணினி உள்ள வீட்டுக்கு, ராஸ்பெர்ரி பை பலகையில் இயங்கும் பைகேவிஎம் என்ற திறமூலக் கருவி போதும்.

சுவிட்சை 19 அங்குல ரேக்கில் பொருத்தி, யுபிஎஸ் மின்சாரம் கொடுப்பது முதல் வேலை. பல மாடல்களில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சிறிய அடாப்டர் உண்டு. அதன் ஒரு பக்கம் கணினியின் எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ போர்ட்டிலும் யுஎஸ்பியிலும் செருகப்படும். மறுபக்கத்திலிருந்து கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் சுவிட்சுக்குப் போகும். பார்வைக்கு லேன் கேபிள் போலவே இருந்தாலும், பெரும்பாலும் அதில் ஓடுவது ஈதர்நெட் அல்ல. ஆகவே அதைச் சாதாரண நெட்வொர்க் சுவிட்சில் செருகக்கூடாது. கேபிளின் நீள வரம்பு மாடலுக்கு மாடல் மாறும்; கையேட்டைப் பார்த்தே அளந்து வெட்ட வேண்டும். இரு முனைகளிலும் லேபிள் ஒட்டிவிட்டால் பின்னால் தேடி அலைய வேண்டியிருக்காது.

அடுத்தது முகவரி. டிஎச்சிபி கொடுக்கும் ஐபி மாறக்கூடும் என்பதால் நிலையான ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே மூன்றையும் கையால் பதிவது நல்லது. பிறகு பிரவுசரில் உள்நுழைந்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதிலுள்ள கணினியின் பெயரைச் சூட்ட வேண்டும். பெயர் தெளிவாக இருந்தால் தவறான சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் ஆபத்து குறையும். திரையில் இரண்டு மவுஸ் அம்புகள் ஒன்றுக்கொன்று விலகி ஓடினால், மவுஸ் அமைப்பை ‘அப்சல்யூட்’ முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மிக முக்கியமானது பாதுகாப்பு. இந்தச் சுவிட்சுக்குள் புகுந்தவர், எல்லாச் சர்வர்களின் கீபோர்டுக்கும் முன்னால் உட்கார்ந்தவர் ஆகிறார். எனவே தொழிற்சாலை பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், தேவையான போர்ட்டுகளுக்கு மட்டும் அனுமதியும் தர வேண்டும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, எச்டிடிபிஎஸ் இணைப்பை மட்டும் அனுமதிக்க வேண்டும். சுவிட்சைத் தனி விலேனில் வைத்து, வெளியிலிருந்து வருபவர்களை விபிஎன் வழியே மட்டும் விட வேண்டும். இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைக்கவே கூடாது.

கடைசியாக, ஒவ்வொரு கணினியையும் தொலைவிலிருந்தே ரீஸ்டார்ட் செய்து, பயாஸ் திரை தெரிகிறதா, கீபோர்டு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் எல்லாக் கணினிகளும் தேறிய பிறகே சுவிட்சை நம்பிப் பயன்பாட்டுக்கு விடலாம்.