பேராதனை வளாகம்: சுற்றிப் பார்ப்போர்க்கு ஒரு வழிகாட்டி

கண்டிக்கு வருவோருட் பலர் தலதா மாளிகையைத் தரிசித்து, பேராதனைப் பூந்தோட்டத்தைச் சுற்றிவந்து, அத்துடன் தம் யாத்திரை நிறைவுற்றதென எண்ணுவர். அப்பூந்தோட்டத்திற்கு அண்மையிலேயே மகாவலியின் இரு கரைகளிலும் விரிந்து கிடக்கும் பல்கலைக்கழகத்தை அவர்கள் பேருந்தின் யன்னலூடே பார்த்துச் செல்வதோடு சரி. பாடசாலைச் சுற்றுலாக்களும் இதற்கு விலக்கல்ல. பல்கலைக்கழகத்தை நாடிப் படிக்கும் மாணவர், அது எத்தகைய இடமென்று கண்ணாற் காணாதிருத்தல் தகுமோ? வளாகத்தை எவ்வாறு பார்த்தல் வேண்டுமென்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலில் வரலாறு. இலங்கைக்குத் தனியே ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்னும் இயக்கம் 1906இல் எழுந்தது. அதனை முன்னின்று நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அதன் பயனாக 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. அது 1942 யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜென்னிங்ஸ். நிலையான இடம் கொழும்பா, கண்டியா என்று நெடுங்காலம் நிகழ்ந்த வாதத்தின் முடிவிற் பேராதனை தெரிவாயிற்று. மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் உறைந்து கற்கும் விடுதிப் பல்கலைக்கழகமே ஜென்னிங்ஸ் கண்ட இலட்சியம். தமிழ்நாட்டிற் சிதம்பரத்தருகே 1929இல் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இவ்வகையினதே. அங்கு முதல் தமிழ்ப் பேராசிரியராய் இருந்த சுவாமி விபுலாநந்தரே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆனார்.

1952இற் கொழும்பிலிருந்து பெரும்பகுதி பேராதனைக்குப் பெயர்ந்தது. 1954 ஏப்ரில் 20ஆந் திகதி, எலிசபெத் மகாராணியார் முன்னிலையில், எடின்பரோக் கோமகன் அதனை முறைப்படி திறந்துவைத்தார். முன்னரே இயங்கிக்கொண்டிருந்த நிலையமாதலின், வழமையிலும் சற்று அதிகமாகத் திறப்பதாக அவர் நகைச்சுவையுடன் மொழிந்தது இன்றும் நினைவுகூரப்படுகின்றது.

இனி இடத்தை நோக்குவோம். ஒரு புறம் ஹந்தானை மலைச்சாரல், நடுவே மகாவலி, ஊடே கலகா வீதி. முன்னர் தோட்டக் காணியாய்க் கிடந்த இந்நிலத்திற்குத் திட்டம் வகுத்தோர் பற்றிக் அபர்க்கொம்பி, கிளிபோட் ஹொலிடே என்னும் ஆங்கில நகரமைப்பு வல்லுநர். கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். திறப்பு விழாவைக் காணாமலே 1952இல் அவர் மறைந்தார். மலையை வெட்டிச் சமமாக்காது, நிலத்தின் ஏற்ற இறக்கத்திற்கு இயைய அவர் கட்டடங்களை அமைத்தார். செனற் மண்டபத்தின் கூரையையும் தூண்களையும் நோக்குவோர் பழைய கண்டிய மரபு புதிய தேவைக்கு இசைந்து நிற்றலை உணர்வர்.

அடுத்துக் காணத்தக்கவை விடுதிகள். அருணாசலம், இராமநாதன், ஜேம்ஸ் பீரிஸ், மார்கஸ் பெர்னாந்து, ஜயதிலக, மார்ஸ், சங்கமித்தை, அக்பார் என அவற்றின் பெயர்களை வாசித்தாலே நாட்டின் வரலாற்றில் ஒரு பாடம் கிடைக்கும். மார்ஸ் என்பவர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் அதிபர். சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்டோரின் பெயர்கள் ஒரே நிலத்தில் அயலவராய் நிற்கின்றன. அவ்வாறே பௌத்த விகாரையும், குறிஞ்சிக் குமரன் ஆலயமும், கிறித்தவ தேவாலயங்களும், பள்ளிவாசலும் இவ்வளாகத்தில் உள.

மலைச்சரிவின் இயற்கைக் குழிவிலே அமைந்த திறந்தவெளி அரங்கையும் காணாது திரும்பலாகாது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. 1956இல் ‘மனமே’, 1961இல் ‘சிங்கபாகு’ ஆகிய நாடகங்களால் அவர் சிங்கள அரங்கிற்குப் புத்துயிர் ஊட்டினார். அதே காலத்திற் பேராதனைத் தமிழ்த்துறையைச் சார்ந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்டுவந்த கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். இரு மொழியினரும் அருகருகே நின்று தத்தம் மரபைத் தேடியமை நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆற்றின் மறுகரையிற் பொறியியற் பீடம் உளது. அது 1964இற் கொழும்பிலிருந்து இங்கு வந்தது. மருத்துவம், பல் மருத்துவம், விவசாயம், மிருக வைத்தியம், விஞ்ஞானம் என இன்று ஒன்பது பீடங்கள். 1979 ஜனவரி முதல் இது பேராதனைப் பல்கலைக்கழகம் எனத் தனிப் பெயருடன் இயங்குகின்றது.

வளர்ச்சியோடு ஒரு வினாவும் வளர்ந்தது. சிலரே உறையும் ஊராக எண்ணப்பட்ட இடம், 1960இற் கலைப்பீடத்திற் சுயமொழிக் கல்வி தொடங்கியபின் பலர்க்கும் உரியதாயிற்று. விடுதிகள் நிறைந்தன, ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே வாழ்தல் என்னும் பழைய இலட்சியம் தளர்ந்தது. இதனை இழப்பென்று மட்டும் கூறுதல் நேர்மையன்று. ஆங்கிலம் பேசும் இல்லங்களின் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் திறந்திருந்த கதவு, கிராமத்துப் பிள்ளைக்கும் திறந்தமையாலன்றோ இந்நெருக்கடி? வெளிவாரியாகப் பரீட்சை எழுதிப் பட்டம் பெற்ற எம்போன்றோர்க்கு நூல்கள் கிடைத்தன. நூலகப் படிக்கட்டிலே தோழருடன் வாதிடும் பேறு கிட்டவில்லை. அப்பேற்றின் அருமை அதனைப் பெறாதார்க்கே நன்கு விளங்கும்.

எனவே, கண்டிக்கு மாணவரை அழைத்துவரும் ஆசிரியர் அனுமதி பெற்று அரைநாளை இவ்வளாகத்திற்கு ஒதுக்குவாராக. சிறப்பாக, சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளின் மாணவர் இதனைக் காணல் வேண்டும். அவர்தம் முன்னோர் உழைத்த நிலங்களைப் போன்றதொரு தோட்ட நிலமே இன்று கலைக்கூடமாய் நிற்கின்றது. எட்டாத இடமென்று எண்ணியதன் வாசலில் ஒருமுறை கால்வைத்த பிள்ளை, மறுமுறை அங்கு மாணவனாய் வர விரும்புதல் இயல்பு. அவ்விருப்பத்தை விளைவிப்பின் அச்சுற்றுலா பயனுடையதாகும்.