நடன இயந்திரத்தின் வயிற்றில் ஒளிந்திருப்பது என்ன?

பள்ளி விடுமுறையில் உலு திராமிலிருந்து பேருந்து ஏறி, ஜோகூர் பாரு பக்கம் உள்ள ஏதாவது ஒரு பேரங்காடிக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள விளையாட்டு மையத்தில் நடன இயந்திரத்தைப் பார்த்த நினைவிருக்கிறதா? முன்னால் பெரிய திரை, காலடியில் அம்புக்குறிகள் வரைந்த மேடை. பாட்டு தொடங்கியதும் திரையின் கீழிருந்து அம்புகள் மேலே ஏறும். ஒவ்வோர் அம்பும் உரிய இடத்தைத் தொடும் நொடியில் அதே அம்பைக் காலால் மிதிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் மதிப்பெண் போய்விடும்.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' இந்த வகை விளையாட்டை உலகெங்கும் பரப்பியது. அதன் மேடையில் நான்கு அம்புகள். அடுத்த ஆண்டே தென்கொரியாவின் அண்டமிரோ நிறுவனம் 'பம்ப் இட் அப்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. அதில் நான்கு மூலைகளும் நடுப்பகுதியும் சேர்ந்து ஐந்து இடங்களை மிதிக்க வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி. காசு போட்டதும் திரையில் ஒரு பாடல் பட்டியல் வருகிறதே, இயந்திரத்துக்குள் இருப்பது அவ்வளவுதானா? இல்லை. நாம் பார்ப்பது கடையின் முன்பக்கத்தை மட்டுமே. பின்னால் ஒரு கிடங்கும் இருக்கிறது.

மூன்று வகை மறைவு

முதல் வகை, பரிசாக ஒளித்து வைப்பது. 2001-இல் வெளிவந்த 'டி.டி.ஆர். மேக்ஸ்' விளையாட்டில் 'மேக்ஸ் 300' என்ற பாடல் வெறுமனே காசு போட்டவருக்குத் தொடக்கத்தில் கிடைக்கவில்லை. கடைசிப் பாடலைக் கடினமான நிலையில் ஆடி, மிக உயர்ந்த தரம் பெற்றவருக்கே கூடுதல் சுற்றாக அது திறந்தது. பெயரிலேயே வேகம் இருக்கிறது: நிமிடத்துக்கு 300 தாளம், அதாவது நொடிக்கு ஐந்து. ஒரு தாளத்துக்கு இரண்டு மிதி என்றால் நொடிக்குப் பத்து மிதி!

இரண்டாவது வகை, பராமரிப்பவருக்காக வைப்பது. காசுப்பெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஆடுகிறவர் ஒருபோதும் பார்க்காத திரைகள் வரும். எந்த அம்பின் உணரி வேலை செய்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, ஒலி சரியாக வருகிறதா என்று ஊழியர் அங்கே சரிபார்க்கலாம்.

மூன்றாவது வகைதான் நம் கதையின் நாயகன். அது யாருக்காகவும் வைக்கப்படாதது. பாதியில் கைவிட்ட பாடலின் அடிகள், முந்தைய பதிப்பிலிருந்து வந்த படங்கள், சோதனைக்காகச் செய்த எளிய ஆட்டம், ஒரு நாட்டுப் பதிப்புக்கு மட்டும் எழுதிய வாசகம் போன்றவை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இவை வெளியே வருவதில்லை. ஆனாலும் வட்டிலோ சில்லிலோ அப்படியே கிடக்கும்.

ஏன் அழிக்கவில்லை?

வேண்டாததை அழித்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். 17-ஆம் எண் மாணவர் ஆண்டின் நடுவே வேறு பள்ளிக்கு மாறிவிட்டார். ஆசிரியர் 18-ஆம் மாணவரை 17 ஆக்கி, அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லாருக்கும் எண்ணை மாற்றுவாரா? மாட்டார். தேர்வு மதிப்பெண், நூலகக் கணக்கு எல்லாம் பழைய எண்ணில்தான் இருக்கின்றன. மாற்றினால் குழப்பம். ஆகவே 17-க்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடர்வார்.

நிரலாளரும் அப்படித்தான். பாடலுக்கு ஓர் எண், அந்த எண்ணில் அதன் ஒலி, படம், அடிகள். ஒன்றை உருவினால் மற்றவை இடம் மாறக்கூடும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். வெளியீட்டு நாள் நெருங்கும்போது எளிய வழி எது? பட்டியலில் அந்தப் பெயரை மட்டும் காட்டாமல் விடுவது.

இன்னொரு காரணம் இடம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பாடல் 90 நொடி, வேகம் நிமிடத்துக்கு 150 தாளம். மொத்தம் 225 தாளம். ஒவ்வொரு தாளத்தையும் நான்காகப் பிரித்தால் 900 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு அம்புகள். ஓர் அம்பை மிதிக்க வேண்டும் என்றால் 1, வேண்டாம் என்றால் 0. ஆக, ஒரு கட்டத்துக்கு 4 பிட், 900 கட்டங்களுக்கு 3,600 பிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் வெறும் 450 பைட்.

அதே பாடலின் ஒலியைக் குறுந்தட்டுத் தரத்தில் வைத்தால்? நொடிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு தடங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட். நொடிக்கு 1,76,400 பைட், 90 நொடிக்கு 1,58,76,000 பைட். அடிகளைப் போல் 35,280 மடங்கு! உண்மையான இயந்திரங்கள் ஒலியைச் சுருக்கி வைப்பதுண்டு. அடிகளை எழுதும் முறையும் விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும். ஆனால், வேறுபாடு எவ்வளவு பெரிது என்பது புரிந்திருக்கும். கைவிட்ட பாடலின் அடிகள் அரிசி மூட்டையில் ஒரு மணி. அதை எடுக்க யாரும் மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் வட்டிலோ சில்லிலோ உள்ளதை ஒரு பைட் விடாமல் கணினிக்குப் படியெடுப்பார்கள். அது வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களில் எழுத்துகளைத் தேடுவது அடுத்த வேலை. கணினிக்கு எழுத்தும் எண்தான். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு 65, ஒருங்குறியில் நம் 'அ'வுக்கு 2949. இப்படித் தேடும்போது திரையில் ஒருபோதும் தோன்றாத ஒரு பாடலின் பெயர் கண்ணில் படலாம்.

பிறகு இரண்டு பட்டியல்கள் தயாராகும். உள்ளே இருக்கும் கோப்புகள் எவை? நிரல் உண்மையில் அழைக்கும் கோப்புகள் எவை? முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை எல்லாம் அநாதைக் கோப்புகள். கணிதப் பாடத்தில் படித்த கணங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் வேலைதான் இது.

தஞ்சையின் 27 கற்கள்

நடனத்தில் 'பயன்படுத்தாத உள்ளடக்கம்' கணினிக்கு முன்பே உண்டு. இராஜராஜ சோழன் எழுப்பி 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், மேல்தளச் சுற்றுச் சுவரில் பரத சாஸ்திரம் சொல்லும் நடன நிலைகளான கரணங்களைச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். கரணங்கள் மொத்தம் 108. செதுக்கி முடித்தவை 81. மீதி 27-க்கு உரிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன.

அந்த வெறுங்கற்களை யாராவது பெயர்த்தெடுத்திருந்தால், திட்டம் 81 சிற்பங்கள்தான் என்று நாம் நினைத்திருப்போம். காலியாக விட்ட இடம்தான் 108-ஐயும் செதுக்க நினைத்தார்கள் என்று காட்டிக்கொடுக்கிறது. விளையாட்டில் மிஞ்சிய கோப்பும் அப்படியே. செய்து முடித்த பொருள் முடிவை மட்டும் சொல்லும். மிச்சம்தான் செய்தவரின் யோசனையைச் சொல்லும்.

கல் ஆயிரம் ஆண்டு தாங்கியது. மின்னணு அவ்வளவு தாங்காது. 1993-இல் வந்த கேப்காம் நிறுவனத்தின் 'சி.பி.எஸ். 2' விளையாட்டுப் பலகைகளில், நிரலைத் திறக்கும் இரகசியச் சாவி ஒரு சிறு மின்கலத்தின் தயவில்தான் நினைவகத்தில் இருந்தது. மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும், விளையாட்டும் ஓடாது. பழைய இயந்திரங்களின் உள்ளடக்கத்தை ஆவணப்படுத்த 1997-இல் தொடங்கிய 'மேம்' போன்ற திட்டங்கள் அதனால்தான் காலத்தோடு போட்டி போடுகின்றன. விளையாட்டின் உரிமை அதை உருவாக்கிய நிறுவனத்துக்கே உரியது. அதனால் படியெடுத்ததை விருப்பம்போல் பகிர்வது சட்டப்படி தவறாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மறைப்பது வேறு, அழிப்பது வேறு

இது விளையாட்டு நிறுவனங்களுக்கு மட்டுமான பாடம் அல்ல. 2005-இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டில், தயாரிப்பாளர்கள் முடக்கிவிட்டு உள்ளேயே விட்டுவைத்த ஒரு காட்சியை வெளியாள் ஒருவர் மீண்டும் இயங்க வைத்தார். அது சிறுவர் பார்க்கக்கூடாத காட்சி. அமெரிக்காவின் தர மதிப்பீட்டு அமைப்பு உடனே அதை வயது வந்தோருக்கு மட்டும் உரியது என்று மாற்றியது. 'யார் கண்ணில் படப்போகிறது' என்று விட்ட கோப்பு நிறுவனத்துக்கே வினையாக முடிந்தது.

உங்களுக்கும் அப்படி நேரலாம். இதை நீங்களே சோதித்துப் பாருங்கள். வேர்ட் செயலியில் ஒரு படத்தைச் சேர்த்து, அதன் பாதியை வெட்டி மறைத்துவிட்டுச் சேமியுங்கள். அந்தக் கோப்பை நகலெடுத்து, நகலின் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் நீட்சியை 'ஜிப்' என்று மாற்றுங்கள். இப்போது அதைத் திறந்தால் உள்ளே பல கோப்புறைகள் தெரியும். படங்கள் இருக்கும் கோப்புறையைப் பாருங்கள். வெட்டியதாக நினைத்த பாதியும் அங்கே இருக்கும். படச் சுருக்க அமைப்பில் வெட்டிய பகுதிகளை நீக்கச் சொன்னால்தான் அது உண்மையில் போகும்.

வீட்டு முகவரியோ அடையாள அட்டை எண்ணோ தெரிகிற படத்தை இப்படி 'வெட்டி' இடுபணியில் ஒட்டி, நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அடுத்த முறை நடன மேடையில் ஏறும்போது பாடல் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். அதில் இல்லாத பாடல் ஒன்று உங்கள் காலடியில் இருக்கலாம். உங்கள் கைப்பேசியிலிருந்து ஒரு கோப்பை அனுப்பும் முன்பும் அதே கேள்வியைக் கேளுங்கள்: நான் இதை அழித்தேனா, மறைத்தேனா?