கேபிளின் நுனியைக் கவனியுங்கள்

பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளை வந்தால் கேரளம் முடிகிறது. அடுத்து வரும் களியக்காவிளைக் கடைத்தெரு தமிழ்நாடு. பனச்சமூடு சந்தைக்கு வருகிறவர்களுக்கும் ஊரம்பில் குடியிருப்பவர்களுக்கும் இந்த எல்லை அன்றாடத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. டிவி ஒயரோ, டிஷ்ஷுக்கு கனெக்டரோ, சிசிடிவி கேமராவுக்கு கேபிளோ, எந்தக் கடை பக்கமோ அங்கே போய் வாங்குகிறார்கள். வாங்கிய சரக்கு மோசமாக இருக்கும்போதுதான் எல்லை நினைவுக்கு வருகிறது. "கடை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில், யாரிடம் போய்ச் சொல்வது?" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன். முதலில் ஒயர்.

படம் கட்டம் கட்டமாக உடைவது, மழை வந்தால் 'சிக்னல் இல்லை' என்று காட்டுவது, கேமராப் படத்தில் கோடு ஓடுவது ஆகியவற்றுக்கெல்லாம் பெட்டியையும் டிவியையும் குறை சொல்கிறோம். பல வீடுகளில் கோளாறு இருப்பது கேபிளின் கடைசி இரண்டு சென்டிமீட்டரில், அதாவது கனெக்டர் மாட்டிய நுனியில். அந்த நுனியை ஒழுங்காகச் செய்ய யாரும் கற்றுக்கொள்ளலாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் ஓட்டிய ஒயர் உங்களுடையது.

கோஆக்சியல் கேபிளின் அமைப்பு எளிது. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன்மேல் அலுமினியத் தாள், பின்னல் வலை, கடைசியாக வெளித்தோல். நடுக்கம்பிக்கும் வலைக்கும் உள்ள இடைவெளி எங்கும் மாறாமல் இருந்தால்தான் சிக்னல் சிதறாமல் போகும். டிவிக்கும் டிஷ்ஷுக்கும் 75 ஓம் கேபிள் வேண்டும். வீட்டுக்கு வழக்கமானது ஆர்ஜி-6. அதைவிட மெலிந்த ஆர்ஜி-59 கேமராக்களுக்குப் போதும்; டிஷ்ஷுக்கு நீளமாக இழுத்தால் சிக்னலைத் தின்றுவிடும். 1,000 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-6 கூட 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் இழக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சிக்னலின் சக்தி பாதியாகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், தேவையில்லாமல் பத்து மீட்டரைச் சுருட்டி வைப்பதன் நஷ்டம் புரியும்.

கடையில் நடுக்கம்பியைப் பாருங்கள். எல்லாம் செம்பு நிறத்தில்தான் இருக்கும். ஒரு சிறு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. ஒட்டவில்லையென்றால் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளை தெரிந்தால் உள்ளே அலுமினியம். செம்பே தெரிந்தால் முழுச் செம்பு. செம்பு பூசிய இரும்புக் கம்பி மோசடி என்று சொல்ல மாட்டேன். உயர் அலைவரிசை மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும் என்பதால் கேபிள் டிவிக்கு அது போதும். ஆனால் டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் இதே கம்பி வழியாகத்தான் போகிறது. கேமராவின் சிக்னலும் தாழ்ந்த அலைவரிசையில் தொடங்குகிறது. நீண்ட தூரத்துக்கு இந்த இரண்டுக்கும் முழுச் செம்பே நல்லது. அலுமினியத்தைத் தவிர்த்துவிடுங்கள், திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். முழுச் செம்பின் விலையை வாங்கிக்கொண்டு இரும்பைக் கொடுத்தால் மட்டும் அது ஏமாற்று.

பின்னல் வலையையும் விரித்துப் பாருங்கள். இழை இழையாக எண்ணிவிடலாம் போல இருந்தால் அந்தக் கேபிள் வேண்டாம். ரோலாக வாங்கினால் வெளித்தோலில் அச்சிட்ட மீட்டர் எண்களின் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் கீழுள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு உண்மையா என்று பார்த்துவிடலாம்.

இனி கனெக்டர். டிஷ்ஷுக்கும் அதன் செட்டாப் பாக்ஸுக்கும் எஃப் கனெக்டர். கேமராவுக்கு பிஎன்சி, அதில் 50 ஓம், 75 ஓம் என இரண்டு வகை உண்டு, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். கேட்டு 75 வாங்குங்கள். எஃப் கனெக்டரில் மூன்று விதம்: கையால் திருகி மாட்டுவது, கிரிம்ப்பிங் டூலால் நசுக்குவது, கம்ப்ரஷன் டூலால் அழுத்திப் பொருத்துவது. திருகு வகை விலை குறைவு, டூலும் வேண்டாம், அதனால்தான் எங்கும் அதுவே தொங்குகிறது. ஆனால் நம் பகுதியில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. பொழியூர்ப் பக்கம் உப்புக் காற்று வேறு. திருகு கனெக்டரின் இடுக்கு வழியே ஈரம் இறங்கி வலையைக் கறுக்க வைக்கிறது. வீட்டுக்கு வெளியே இருக்கும் எந்த நுனிக்கும் கம்ப்ரஷன் வகைதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. டூல் விலை அதிகமாகத் தெரிந்தால் நான்கு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். கேபிள் எந்த ரகமோ அதே ரகத்துக்கான கனெக்டர் வேண்டும். ஆர்ஜி-59 ஒயரில் ஆர்ஜி-6 கனெக்டர் ஆடிக்கொண்டே இருக்கும்.

நுனி சீவப் பல்லும் சமையல் கத்தியும் வேண்டாம். இரண்டு பிளேடு உள்ள கோஆக்சியல் ஸ்ட்ரிப்பர், நடுக்கம்பியை வெட்டிக் காயப்படுத்தாமல் தோலை எடுக்கும். நடுக்கம்பி 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வெளியே தெரியட்டும். அடுத்த 6 மில்லிமீட்டரில் வெள்ளை நுரையும் அதை ஒட்டிய தாளும் இருக்கட்டும். பின்னல் வலையை வெட்டி எறியாமல் தோலின்மேல் பின்பக்கமாக மடியுங்கள். கனெக்டரை நேராகத் தள்ளும்போது உள்ளே வெள்ளை நுரை அடித்தளத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும். அதன்பின் டூலால் அழுத்துங்கள். வலையின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும். டிஷ்ஷுக்குப் போகும் மின்சாரம் அறுந்து படமே வராது. மல்டிமீட்டர் இருந்தால், இரண்டு பக்கமும் கழற்றிய நிலையில் நடுக்கம்பிக்கும் வலைக்கும் தொடர்பு இல்லை என்பதைச் சோதித்துவிடுங்கள். ஒயர் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். ஸ்பிளிட்டர் போட்டால் இரண்டாகப் பிரியும்போதே சிக்னல் பாதிக்குமேல் போய்விடும் என்பதால், தேவைக்கு அதிகமான வழிகள் உள்ள ஸ்பிளிட்டர் வாங்காதீர்கள்.

எங்கே கை வைக்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். மின்கம்பத்தில் ஏறாதீர்கள். கம்பத்திலிருந்து வரும் கேபிள் ஆபரேட்டரின் லைனையும் தொடாதீர்கள். ஆம்ப்ளிஃபையருக்கான மின்சாரம் அந்த கோஆக்சியலிலேயே போகலாம். கரண்டு கம்பியில் உரசிக் கிடக்கும் ஒயரைக் கண்டால் மின்வாரியத்தின் 1912 எண்ணுக்கு அழையுங்கள், அதுவரை யாரையும் அருகே விடாதீர்கள். வீட்டில் ஒயரைக் கழற்றும் முன் டிவி, பெட்டி இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். கனெக்டரைத் தொட்டால் பலமாக ஷாக் அடிக்கிறதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இடி விஷயத்தில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். அகத்தியமலை அடிவாரமான வெள்ளறடை, அம்பூரிப் பக்கம் மாலை இடி பழகிப்போன ஒன்று. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எச்சரிக்கையாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்கிறது. வானம் கறுக்கும்போதே மின் பிளக்கோடு டிஷ் ஒயரையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு அதைத் தொட வேண்டாம். மாடியில் டிஷ் வைத்திருப்பவர்கள் எர்த் இணைப்பையும் கேட்டு வாங்குங்கள்.

தாழத் தொங்கும் கேபிள்கள் இன்னொரு ஆபத்து. கொச்சியில் இருசக்கர வாகனக்காரர்கள் அவற்றில் சிக்கி அடிபட்டதால் கேரள உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. உங்கள் சாலையில் அப்படித் தொங்கினால் பஞ்சாயத்துக்கும் மின்வாரியத்துக்கும் எழுதுங்கள். மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். குறைதீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழில் எழுதுங்கள், தேதியிட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் கோளாறு ஆபரேட்டர் பக்கம் என்றால் வாய்வார்த்தையாகச் சொல்லி முடிக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 விதிமுறைப்படி உங்கள் புகாருக்கு ஒரு பதிவெண் தரப்பட வேண்டும். அதற்கும் பலனில்லையென்றால் நிறுவனத்தின் நோடல் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது எல்லைக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. களியக்காவிளையில் வாங்கியவர் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இதை மாற்றியது. நுகர்வோர் குடியிருக்கும் இடத்திலும், வேலை பார்க்கும் இடத்திலும் புகார் தரலாம். பாறசாலையில் வீடு இருந்தால் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கு எதிராக. களியக்காவிளையில் குடியிருந்து நெய்யாற்றின்கரையில் வாங்கியவருக்கும் இதே உரிமை தமிழ்நாட்டில் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமலும் வாதாடலாம். பில் தர மறுப்பதும், பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் இதே சட்டப்படி முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், பழுதான பொருளுக்கு அது செல்லாது.

வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேபிள் வாங்கும்போது பில்லில் 'ஆர்ஜி-6, முழுச் செம்பு, இத்தனை மீட்டர்' என்று எழுதச் சொல்லுங்கள். ரோலின் லேபிளையும் வெட்டிய துண்டு ஒன்றையும் பில்லோடு சேர்த்து வையுங்கள். புகார் கொடுக்க உங்களுக்கு இருக்கும் அவகாசம் 2 ஆண்டு.