வளைத்த குழாயும் வாங்கிய குழாயும்

1985 ஜூலை 9ஆம் தேதி முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அப்போது மலாக்கா மாநிலத் தோட்டங்களில் லயத்து இளைஞனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கிடைத்தாலே பெரிய காரியம். ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. பெரிய தோட்டம் என்றால் டிராக்டரையும் லாரியையும் பழுதுபார்க்க ஒரு பட்டறை இருக்கும். அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போன பையன், சில ஆண்டுகளில் கேஸ் வெல்டிங்கைக் கையில் பிடிப்பான். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. தோட்டக் குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, டுரியான் துங்கால் பக்கம் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அந்தக் கைத்தொழிலும் அவர்களோடு டவுன் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது.

பந்தயக் கார் கட்டுகிறவர்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று எக்ஸ்ட்ராக்டர். மற்ற ஊர்களில் ஹெடர் என்பார்கள். எஞ்சினோடு வரும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் வைத்து, எல்லாவற்றையும் கீழே ஓரிடத்தில் சேர்ப்பதுதான் வேலை.

அன்று அதைக் கடையில் வாங்குவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, செய்யத்தான் வேண்டும். இரும்புக் குழாயின் ஒரு முனையைக் கட்டையால் அடைத்து, உலர்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைப்பார்கள். பிறகு செக்கச்செவேல் என்று காய்ச்சி மெல்ல வளைப்பார்கள். மணல் இல்லாவிட்டால் வளைவின் உட்புறம் நசுங்கிவிடும். மணலில் ஈரம் இருந்தாலோ ஆபத்து: நீராவி கட்டையைத் துப்பாக்கிக் குண்டுபோல் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் மணலை வறுத்துக் காயவைப்பதே முதல் வேலை. குழாயின் விட்டம் எவ்வளவு என்பதை எஞ்சின் தீர்மானிக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் என்ன கிடைத்ததோ அதுதான் அளவு. சரியாக வந்ததா என்று பார்க்கக் காதும், கழற்றிப் பார்த்த பிளக்கின் நிறமும் போதும் என்று இருந்தார்கள்.

இன்று எஞ்சினின் குறியெண்ணைச் சொன்னால் போதும், 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், இயந்திரத்தில் நசுங்காமல் வளைத்து, டிக் வெல்டிங் செய்த எக்ஸ்ட்ராக்டர் பெட்டியில் வந்துவிடுகிறது. அன்று குழாயைச் செய்யத் தெரிந்தவன் கெட்டிக்காரன்; இன்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தவன் கெட்டிக்காரன். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சத்தத்தைக் கேட்டு வாங்குகிறார்கள், அல்லது பெரிய குழாய் என்றால் பெரிய பவர் என்று நம்புகிறார்கள்.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய்கள் சேரும் இடத்தை அடைந்ததும் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. உள்ளிழுக்கும் வால்வு, எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் சற்றே திறந்திருக்கும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்துவிட்டுப் புதிய கலவைக்கு வழிவிடும். எந்த ஆர்பிஎம்மில் இது பொருந்தும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. நீளம் கூடினால் பலன் கீழ் ஆர்பிஎம்மில், குறைந்தால் மேலே. விட்டம் தேவைக்கு மேல் போனால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை செத்துவிடும்.

நான்கு குழாயும் ஒரேயடியாகச் சேர்ந்தால் 4-1. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றானால் 4-2-1. 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும் எஞ்சினில் 1ஐயும் 4ஐயும் ஒரு சோடியாக, 2ஐயும் 3ஐயும் மறு சோடியாகச் சேர்ப்பார்கள். பொதுவாக 4-1 உச்ச ஆர்பிஎம்முக்கும், 4-2-1 நடு ஆர்பிஎம்முக்கும் பொருந்தும்.

அன்று பந்தயம் என்றால் ஷா ஆலமின் பத்து தீகா, பிறகு ஜொகூரின் பாசீர் கூடாங். 1999 முதல் செப்பாங். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் இரண்டு நீளமான நேர்பாதைகள். அவற்றுக்கு நடுவே ஒரு கூர்மையான கடைசி வளைவு. சிறிய எஞ்சின் கார் அந்த வளைவிலிருந்து எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பதில்தான் அடுத்த நேர்பாதை முழுவதும் அடங்கியிருக்கிறது. காகிதத்தில் உச்ச பவர் காட்டும் 4-1ஐ விட, அங்கே 4-2-1 பல கார்களுக்கு நல்ல நேரத்தைக் கொடுக்கும்.

பூட்டும் வேலை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே. வெப்பத்தில் இறுகிய ஸ்டட்களுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும்; அவசரப்பட்டால் ஸ்டட் ஹெட்டிலேயே ஒடியும். பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டி, ஃபிளாஞ்சின் மேல் நேர்ப்பட்டையை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறியதும் மறுபடி இறுக்க வேண்டும். எஞ்சின் தன் மவுண்டிங்கில் ஆடும் என்பதால் சம்புக்கும் ஸ்டீயரிங் ரேக்குக்கும் இடைவெளி விடவேண்டும். வளையும் இணைப்பு ஒன்றும் தேவை. எந்தப் பக்கம் இடம் வேண்டும் என்பது எஞ்சினைப் பொறுத்தது. பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் தேடி வாங்கும் ஹோண்டா பி16இல் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரை ஒட்டி. அதே ஹோண்டாவின் கே20இல் அது பின்பக்கம்.

ஒழுகலின் விலை மட்டும் ஏறிவிட்டது. கார்புரேட்டர் காலத்தில் கேஸ்கெட் ஒழுகினால் 'டிக்டிக்' சத்தத்தோடு போகும். இப்போது அந்த இடுக்கில் காற்று நுழைந்தால் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்துபோகிறது. பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இசியு மேலும் மேலும் ஊற்றுகிறது. வெப்பத்தைத் தடுக்க அன்று சுற்றியது அஸ்பெஸ்டாஸ் நாடா. அதன் தூசு நுரையீரலை அரிக்கும் என்று பட்டறைகளுக்குப் பிறகுதான் உறைத்தது. இன்று கண்ணாடி இழை நாடாவும் செராமிக் பூச்சும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. அலோர் காஜா பக்கம் பெகோவில் 2003இல் ஹோண்டா தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அங்கே பூட்டப்பட்ட எட்டாம் தலைமுறை சிவிக்கின் 1.8 எஞ்சினிலேயே மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது. 2016இல் வந்த 1.5 டர்போ சிவிக்கிலும் அப்படித்தான்; டர்போ நேராக ஹெட்டில் உட்காருகிறது. அதாவது எக்ஸ்ட்ராக்டர் மாட்ட இடமே இல்லை. கீழே உள்ள டவுன்பைப்பைத்தான் மாற்றலாம். 2017இல் தொடங்கிய வியோஸ் சேலஞ்ச் போன்ற ஒரே மாதிரிக் கார்களின் போட்டியிலோ தேர்வு செய்யும் வேலையே கிடையாது. விதி சொல்வதுதான் குழாய்.

ஆகவே, பி16உம் பழைய புரோட்டோனும் கட்டுகிற தம்பிமார்களுக்கு ஒன்று சொல்லலாம். எக்ஸ்ட்ராக்டருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் பவரை அளக்கும் டைனோவுக்கு எடுத்து வையுங்கள். அளந்து பார்க்காத பவர் வெறும் சத்தம்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுத் தாமான் சாலையில் நள்ளிரவில் முறுக்கினால் அண்டை வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சம்மன் வீட்டுக்கு வரும். வாகன இரைச்சலுக்கு 1987 முதல் தனிச் சட்டவிதியே இருக்கிறது. தோட்டத்துப் பட்டறையில் கற்றதை இன்று அரசுத் தொழிற்பயிற்சிக் கழகங்களில் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழோடு கற்கலாம். டிக் வெல்டிங் தெரிந்த கைக்கு, எக்ஸ்ட்ராக்டர் போனாலும் வேலை போகாது. முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். குழாயைப் பிறகு வாங்கலாம்.