சமையலறை வெப்பமானியைச் சரிபார்த்தல்

பொய் காட்டும் கருவியின் கேடு

சமைத்த உணவின் நடுப்பகுதி 70 பாகை செல்சியசையேனும் எட்ட வேண்டும் என்றும், சூடாக வைத்துப் பரிமாறும் உணவு 60 பாகைக்கு மேலும் குளிரூட்டி வைக்கும் உணவு 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா அன்னதானத்தின்போதும், 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களில் வந்ததைப் போன்ற, இலங்கையின் களு கங்கை ஆற்று வெள்ளத்தில் இடம்பெயர்ந்தோருக்குச் சமைக்க நேரும்போதும், அண்டாச் சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடப்பதுண்டு. பசிலஸ் செரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள், அதாவது வெப்பத்தைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் அதன் வடிவங்கள், சமையலில் சாகாமல் அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகுகின்றன. அவை உண்டாக்கும் வாந்தி நஞ்சோ மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே, 50 பாகையில் இருக்கும் சோற்றை 60 என்று காட்டும் வெப்பமானி, வெப்பமானியே இல்லாததைவிடக் கேடானது. கருவி இல்லாதவர் ஐயத்தால் உணவை விரைவில் பரிமாறி முடிப்பார், கருவி உள்ளவரோ அதை நம்பிவிடுவார். தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தியில் வெப்பநிலையைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கும் தோட்டங்களில், கொழுந்து பறிப்போரின் உணவுக்கும் அவர்தம் பிள்ளைகளின் உணவுக்கும் அதே அக்கறை உரியது.

பனிக்கட்டிச் சோதனை

முள் வைத்த வெப்பமானியின் தண்டினுள், வெவ்வேறு அளவில் விரிவடையும் இரு உலோகங்களை இணைத்துச் செய்த சுருள் இருப்பதால், கருவி கீழே விழுந்தாலோ நெடுங்காலம் கடுஞ்சூட்டில் பயன்பட்டாலோ முள் இடம் மாறிவிடும். இதைக் கண்டறிய, குடிநீரில் செய்த பனிக்கட்டியை நொறுக்கிக் கோப்பை நிறைய இட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் வார்த்துக் கலக்கி, தண்டின் 5 சென்றிமீற்றரையேனும் கோப்பையின் அடியிலும் பக்கத்திலும் படாதவாறு அமிழ்த்தி, முள் அசைவற்று நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்போது 0 பாகை காட்டுவதே சரியான கருவி. உப்புக் கலந்தால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிச் சோதனை கெடும்.

கொதிநீரும் மலையின் உயரமும்

கருவியைக் கொதிநீரிலும் சோதிக்கலாம், ஆனால் அப்போது இடத்தின் உயரத்தையும் கருத வேண்டும். பனிக்கட்டி உருகும் வெப்பநிலை மலையிலும் பள்ளத்திலும் ஏறக்குறைய ஒன்றே. நீரின் கொதிநிலையோ, உயரம் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் தாழ்கிறது. தாழ்வான பள்ளத்தாக்கில் அமைந்த இரத்தினபுரி நகரில் நீர் 100 பாகையை ஒட்டிக் கொதிக்கும். தாழ்நிலத் தேயிலையின் மேல் எல்லையாகிய 600 மீற்றரில் 98 பாகையிலும், 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலும் கொதிக்கும். மலைத் தோட்டமொன்றில் முள்ளை 100க்குத் திருப்பி வைப்பவர், சரியாக இருந்த கருவியைத் தாமே பிழையாக்கிவிடுகிறார்.

பிழை கண்டபின்

முள் வெப்பமானியின் முகப்புக்குப் பின்புறத்தில் திருகுமறை இருப்பின், தண்டு பனிக்கட்டியில் அமிழ்ந்திருக்கும்போதே அதைத் திருகி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரலாம். திருத்த வழியில்லாத இலக்கமுறைக் கருவியின் பிழையை அதன் மீதே எழுதி ஒட்டிக் கணக்கில் கொள்ளலாம். பனிக்கட்டியில் ஒரு பிழையும் கொதிநீரில் வேறொரு பிழையும் காட்டும் கருவியைக் கைவிடுவதே முறை. உடைந்தால் உணவில் நஞ்சு கலக்கும் என்பதால், இரசக் கண்ணாடி வெப்பமானிக்குச் சமையலறையில் இடமே இல்லை. பொதுச் சமையல் நடக்கும் கோயில்களும், தோட்டக் குழந்தைக் காப்பகங்களாகிய பிள்ளை மடுவங்களும் வாரம் ஒருமுறையும், கருவி கீழே விழுந்த ஒவ்வொரு முறையும் பனிக்கட்டிச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரு கோப்பை பனிக்கட்டியும் சில நிமிடங்களுமே.