35 கிராம் காகிதம்

ஒரு டிவிடியின் எடை ஏறக்குறைய 15 கிராம். வீடியோ கேம் டப்பாவைத் திறந்தால் வலப்பக்கம் டிவிடி இருக்கும். இடப்பக்கக் கிளிப்பில் ஒரு காலத்தில் மேனுவல் செருகியிருக்கும். 32 பக்கம், 12 சென்டிமீட்டர் அகலம், 18 சென்டிமீட்டர் உயரம், 100 ஜிஎஸ்எம் தாள் என்று கணக்குப் போட்டால் 16 ஏடு, மொத்தப் பரப்பு 0.35 சதுர மீட்டர், எடை 35 கிராம். விளையாட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான கனம் அதன் விளக்கவுரைக்கு. இப்போது அந்தக் கிளிப்பில் ஒன்றும் இருப்பதில்லை. மிஞ்சினால் எச்சரிக்கை வாசகம் அச்சடித்த ஒற்றைத் தாள்.

இதைத் தொடங்கிவைத்த பெரிய கம்பெனிகளில் ஒன்று பிரான்சின் யூபிசாஃப்ட். 2010 ஏப்ரலில் அறிவித்தது. காரணம், சுற்றுச்சூழல். மேனுவலுக்குச் செலவாகும் ஒரு டன் காகிதத்துக்கு 2 டன் மரம், அதாவது 13 மரங்கள் வேண்டும் என்று கணக்கும் கொடுத்தது. அதே கணக்கை நம் 35 கிராமில் பொருத்திப் பார்க்கலாம். ஒரு லட்சம் பிரதிக்கு 3.5 டன் காகிதம், சுமார் 45 மரம். பத்து லட்சம் பிரதிக்கு 450 மரம். மரக்கணக்கு சரிதான். பணக்கணக்கை மட்டும் அவர்கள் எழுதவில்லை. அச்சுக்கூலி, ஐரோப்பாவுக்கு நான்கைந்து மொழிகளில் மொழிபெயர்ப்பு, மடித்துச் செருகும் கூலி, விளையாட்டு முடிவதற்கு வாரக்கணக்கில் முன்பே அச்சுக்கு அனுப்பவேண்டிய நெருக்கடி எல்லாம் ஒரே அறிவிப்பில் மிச்சம். 2011இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் அதே வழிக்கு வந்தது. 2017இல் நின்டெண்டோ ஸ்விட்ச் வந்தபோது மேனுவல் இல்லையே என்று கேட்க ஆளில்லை.

முதலில் காகிதம் எதற்கு வந்தது? 1982இல் இன்ஃபோகாம் வெளியிட்ட 'டெட்லைன்' ஒரு துப்பறியும் விளையாட்டு. அதற்குக் கிடைத்த இடம் 80 கிலோபைட். கதைக்கு அது போதவில்லை. மிச்சத்தை விசாரணைக் குறிப்பு, பரிசோதனைக்கூட அறிக்கை, மாத்திரைப் பொட்டலம் என்று பெட்டிக்குள் போட்டார்கள். பக்கத்துக்கு 2,000 எழுத்து என்றால் 32 பக்கத்தில் 64,000 எழுத்து, ஏறத்தாழ 64 கிலோபைட். அந்த நாளில் 35 கிராம் காகிதம் கிட்டத்தட்ட இன்னொரு ஃபிளாப்பிக்குச் சமம், விலையும் மலிவு. டிவிடி 4.7 ஜிகாபைட்டோடு வந்தபின் அந்த நியாயம் போய்விட்டது.

அடுத்த வேலை, பூட்டு. 1989இன் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வில் முதல் கட்டம் தாண்டியதும், மேனுவலில் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லின் முதலெழுத்து எது என்று கேட்கும். தெரியாவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். 1990இன் 'ஸ்டார்டிராபிக்ஸ்' பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. தண்ணீரில் நனைத்தால் 747 என்ற எண் தெரியும். விளையாட்டில் அதைத் தட்டினால்தான் மேலே போகலாம். 1998இன் 'மெட்டல் கியர் சாலிட்'டில் 140.15 என்ற ரேடியோ அலைவரிசை சிடி உறையின் முதுகில் அச்சாகியிருந்தது. நம் ஊர்களில் பர்மா பஜார் வகை பிளாஸ்டிக் உறையில், கலர் ஜெராக்ஸ் செருகி வாங்கியவனுக்கு முதுகு ஏது? தெரிந்த அண்ணன் எவனாவது சொன்னால் உண்டு.

இனி பெட்டியின் கன அளவு, கொச்சித் துறைமுகத்தின் வில்லிங்டன் தீவுக் கணக்கு. 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயல் மண்ணைத் தோண்டிக் கொட்டி உண்டாக்கிய தீவு இது. எதையும் கன அளவில் யோசிக்கச் சொல்லும் இடம். 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் முனையம் திறக்கும்வரை கன்டெய்னர்கள் இங்கேதான் இறங்கின. 20 அடி கன்டெய்னரின் உள்கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். தொண்ணூறுகளின் பெரிய அட்டைப்பெட்டி, 24க்கு 20க்கு 5 சென்டிமீட்டர் என்றால், 2.4 லிட்டர், கன்டெய்னருக்கு 13,700 பெட்டி. 2000வாக்கில் அமெரிக்கக் கடைக்காரர்கள் சங்கம் அலமாரியில் இடம் போதவில்லை என்று கேட்டு வாங்கிய சின்னப் பெட்டி, டிவிடி உறையைப்போல் இரு மடங்கு தடிமன், 45,900 பெட்டி. பிறகு வந்த வெறும் டிவிடி உறை 1.4 சென்டிமீட்டர் தடிமன், 91,900. அட்டைக்கும் பலகைக்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், விகிதம் மாறாது. ஒரே கன்டெய்னர் வாடகையில் ஆறரை மடங்குக்கும் மேல் சரக்கு. பெரிய பெட்டிகளில் வந்த துணி வரைபடமும் ரிங் பைண்டர் மேனுவலும் போனதற்கு இந்த ஆறரைதான் எனக்குப் பட்ட முதல் காரணம். மரங்கள் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

ஆனால் தொண்ணூறுகளின் கொச்சிக்கு வீடியோ கேம் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வரும் உறவினரின் சூட்கேஸில்தான் வந்தது. 1999இல் நெடும்பாசேரி திறக்கும்வரை கொச்சியின் விமான நிலையமும் இந்தத் தீவில்தான், கடற்படை ஓடுதளத்தில். பம்பாயில் விமானம் மாறி இங்கே இறங்குவார்கள். லக்கேஜ் 20 கிலோ. டாங் பவுடர், பால்பவுடர், சோப்பு, சென்ட், டார்ச், போர்வை எல்லாம் போக விளையாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது? 1998இன் 'ஃபால்கன் 4.0' விமான விளையாட்டின் மேனுவல் ஏறக்குறைய 600 பக்கம். ஏ5 அளவு, 80 ஜிஎஸ்எம் என்று கொண்டால் தாள் மட்டுமே 750 கிராம். அதே எடைக்கு 50 சிடி வரும். "மாமா, டப்பாவையும் புக்கையும் அங்கேயே போட்டுட்டு சிடியை மட்டும் கொண்டாங்க" என்று எஸ்டிடி பூத்திலிருந்து கத்திச் சொன்ன மருமகப்பிள்ளைகள் எத்தனையோ. யூபிசாஃப்ட் முடிவெடுப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்து வீடுகளில் மேனுவல் ஒழிந்துவிட்டது.

விளையாட்டுச் சாமானுக்குச் சுங்கம் எடை பார்ப்பதில்லை, விலைதான் பார்க்கும். 2016 பயணிகள் உடைமை விதிப்படி 50,000 ரூபாய்வரை வரியில்லாமல் இருந்தது, அதற்குமேல் 38.5 சதவீதம் வாங்கினார்கள். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு வந்தது. பத்து ரூபாய் வித்தியாசம் தற்செயல்தான், ஆனாலும் பார்க்கச் சிரிப்பு வருகிறது.

மிச்சம் பிடித்த பணம் வாங்குபவனுக்கு வந்ததா? அமெரிக்காவில் பெரிய விளையாட்டுகளின் விலை 2005இல் 60 டாலர் ஆனது. மேனுவல் போன 2010லும் 60தான். 2020இல் 70. இங்கே பிளேஸ்டேஷன் 4 காலத்தில் 3,999 ரூபாய், 5இல் 4,999. ஒரு மேனுவலுக்குத் தாராளமாக 30 ரூபாய் போட்டாலும் 4,999இல் அது 0.6 சதவீதம். அந்த 0.6ஐக்கூடக் குறைக்கவில்லை. வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். இணையத்தில் இறக்கும் விளையாட்டுக்கு 18 சதவீதம்.

இறக்குமதி டப்பாவில் இந்தியச் சட்டம் கட்டாயப்படுத்தும் அச்சு ஒன்று இன்னும் இருக்கிறது: இறக்குமதியாளர் முகவரியும் எம்ஆர்பியும் போட்ட ஸ்டிக்கர். பின்னட்டைப் படத்தின்மேலேயே ஒட்டிவிடுவார்கள், உரித்தால் படமும் கையோடு வரும்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 2020இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை ஐரோப்பாவில் ஏரோசாஃப்ட் 10 டிவிடியில், அச்சிட்ட மேனுவலோடு விற்றது. சுமார் 90 ஜிகாபைட். நாளுக்கு 1.5 ஜிபி ரீசார்ஜ் போடுபவருக்கு அதை இறக்க 60 நாள் பிடிக்கும். இப்போது அடுத்த கழித்தல் நடக்கிறது. 2025இல் வந்த ஸ்விட்ச் 2இன் 'கேம் கீ கார்டு' பெட்டியில் கார்டு இருக்கும், கார்டுக்குள் விளையாட்டு இருக்காது. அதைச் செருகிவிட்டு முழு விளையாட்டையும் இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும்.