வாலடியில் தொடங்கும் அரிப்பு

வடசென்னையின் எர்ணாவூரில் யாருக்காவது தோல் அரித்தால் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் விழும். அதில் தப்பில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில், வளர்க்கிற நாய் தன் இடுப்பைத் தானே கடித்துக் கடித்து, முடி கொட்டி, புண்ணோடு நின்றால், "எல்லாம் இந்தக் கம்பெனிக் காத்துதான்" என்று சொல்லத்தான் தோன்றும். ஆனால் நாய் கடிப்பது இடுப்பையும் வாலடியையும் என்றால் காற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, தெள்ளுப்பூச்சியைத் தேட வேண்டும்.

நாயின் தோல் நோயில் பாதி விடையை அரிக்கும் இடமே சொல்லிவிடும். தரையில் கிடக்கும் ரசாயனமோ எண்ணெயோ தோலைப் பதம் பார்த்தால், முடி குறைந்த அடிவயிறும் பாதங்களும்தான் முதலில் சிவக்கும். முதுகை அடர்ந்த முடி காக்கிறது. தெள்ளு ஒவ்வாமை நேர்மாறு. நாயை நிற்க வைத்து மேலிருந்து பாருங்கள்: முதுகின் நடுவில் தொடங்கி வாலடி நோக்கி விரியும் ஒரு முக்கோணத்தில் முடி உடைந்தும் உதிர்ந்தும் இருக்கும். அங்கிருந்து பின்தொடைகளுக்கும் அடிவயிற்றுக்கும் பரவும். முதலில் பொருக்கு கட்டிய சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் தோல் தடித்துக் கறுத்துப்போகும். 3 முதல் 5 வயதுக்குள் தொடங்குவதே அதிகம்.

சொறி உண்டாக்கும் சிற்றுண்ணி பிடிப்பது வேறு இடங்களை: காதுமடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு. காதுமடலின் ஓரத்தை இரு விரலால் மடித்து லேசாகத் தேய்த்தால், சொறி பிடித்த நாயின் பின்னங்கால் தானாகவே சொறியும் பாவனையில் ஆடத் தொடங்கும். மருத்துவர்கள் மேசை மேலேயே செய்து பார்க்கும் சோதனை இது. பாதத்தை நக்குவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, அக்குளும் காதும் சிவப்பது என்றிருந்தால் தூசி, பூஞ்சை ஒவ்வாமைப் பக்கம் எண்ணம் போகும். ஒரே நாய்க்கு இரண்டு ஒவ்வாமையும் சேர்ந்து வருவதும் உண்டு. அங்கேதான் நல்ல மருத்துவரும் திணறுவார்.

தெள்ளு கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் இறங்குகிறது. நோய் அந்த எச்சிலுக்கு நாயின் உடல் காட்டும் எதிர்ப்பு. சில நிமிடங்களில் எழும் எதிர்ப்பு ஒன்று. ஒன்றிரண்டு நாள் கழித்து எழுவது இன்னொன்று. கடித்த பூச்சி செத்த பிறகும் அரிப்பு தொடர்வது இதனால்தான். நூறு பூச்சிகள் வேண்டியதில்லை, ஒவ்வாமை வந்துவிட்ட நாய்க்குச் சில கடிகளே போதும். 1980களில் ரிச்சர்ட் ஹாலிவெல் என்ற கால்நடைத் தோல்நோய் ஆய்வாளர் கவனித்தது இன்னும் வியப்பானது. விட்டுவிட்டுக் கடிபடும் நாய்களுக்கே ஒவ்வாமை எளிதாக வருகிறது. ஓயாமல் கடிபடுபவற்றுக்கு ஓரளவு தாங்கும் தன்மை இருக்கிறது. உடம்பெல்லாம் தெள்ளு ஊரும் தெருநாய் சும்மா படுத்திருக்க, வாராவாரம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டும் வீட்டு நாய் தவிப்பது ஏன் என்று இதிலிருந்து புரியும். வீட்டுக்காரர் நாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று யாரும் பழி போடக் கூடாது.

"எங்க நாய்க்கு உண்ணியே இல்லையே டாக்டர்!" பல வீடுகளில் சிகிச்சை இந்த வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. உண்ணி வேறு, தெள்ளு வேறு. உண்ணி காதிலும் விரலிடுக்கிலும் வாயைப் பதித்து அசையாமல் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்து உருண்டையாக ஊதும். தெள்ளு 2, 3 மில்லிமீட்டர்தான். பக்கவாட்டில் தட்டையான பழுப்பு உடம்பு, முடிகளுக்கு நடுவே ஓடும், விரல் பட்டால் தாவும். அதிலும் ஒவ்வாமை உள்ள நாய் ஓயாமல் நக்கியும் கடித்தும் பூச்சிகளை விழுங்கிவிடுகிறது. அதிகம் அரிக்கிற நாயின் மேல் பூச்சி குறைவாகத் தெரிவது அதனால்தான். பூச்சி கண்ணில் படவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பூச்சியைத் தேடுவதைவிட அதன் எச்சத்தைத் தேடுவது எளிது. வீட்டிலிருக்கும் பேன் சீப்பு போதும், ஆனால் அதை நாய்க்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வாலடியில் தோலோடு ஒட்டினாற்போல் ஐந்து நிமிடம் வாரி, சீப்பில் சிக்கிய முடியையும் தூளையும் நனைத்த வெள்ளைத் துணியில் தட்ட வேண்டும். மிளகுத்தூள் போன்ற கறுப்புப் புள்ளிகள் விழும். எண்ணூர் வட்டாரத்தில் நிலக்கரித் துகளும் சாம்பலும்கூட நாயின் முடியில் படியும் என்பதால் அவசரப்படாமல் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். கரித்தூள் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சம் செரித்த ரத்தம்; ஈரம் பட்டதும் புள்ளியைச் சுற்றித் துருநிறச் சிவப்பு கசிந்து பரவும். அப்படிப் பரவினால் தெள்ளு இருக்கிறது. பரவாவிட்டால் இல்லை என்று பொருளல்ல. நாய் அதையும் நக்கித் தின்றிருக்கலாம். வீட்டில் உள்ளவர்களின் கணுக்காலில் கடித்தடம் இருக்கிறதா, நாயின் ஆசனவாயைச் சுற்றி நாடாப்புழுவின் வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். நாய் விழுங்கும் தெள்ளு வழியாகத்தான் அந்தப் புழு உள்ளே போகிறது.

குளிர்நாட்டுப் பாடநூல்கள் இந்த நோய்க்குப் பருவக் கணக்கு சொல்லும்: கோடை முடிவில் ஏறும், குளிரில் அடங்கும் என்று. எர்ணாவூருக்கு அந்தக் கணக்கு உதவாது. தெள்ளு பெருக 27 டிகிரி வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் தோதானவை. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் புழுக்கள் காய்ந்து சாகும். கடலோரத்தில் அவ்வளவு வறட்சி அபூர்வம். ஜனவரி இரவுகூட இங்கே தெள்ளைக் கொல்லும் அளவுக்குக் குளிர்வதில்லை. சுனாமி குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில், வலைக்குவியலின் நிழலில், வண்டிக்கடியில் கிடக்கும் கோணியில், நாய் எங்கே படுக்கிறதோ அங்கே முட்டைகள் உதிர்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். அதனால் வருடம் முழுக்க அரிக்கிறதே, தெள்ளாக இருக்காது என்று இந்தப் பகுதியில் வாதிடுவது செல்லாது.

தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. தெள்ளுச் சாற்றைத் தோலுக்குள் செலுத்தி 15, 20 நிமிடத்தில் வீக்கம் பார்த்து, 24, 48 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. இரண்டிலும் தவறான முடிவுகள் வரும். தாமத வகை எதிர்ப்பு ரத்தத்தில் பிடிபடாது. இவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தை மருந்துக்குச் செலவழிப்பதே மேல் என்பது என் கருத்து. காரணம், இந்த நோயைப் பொறுத்தவரை சிகிச்சையே பரிசோதனையும்கூட. தெள்ளு இல்லாமல் மூன்று மாதம் வைத்திருந்தால் அரிப்பு அடங்குகிறதா? அடங்கினால் அதுவே விடை.

அந்த மூன்று மாதத்தை இடைவெளியில்லாமல் கடப்பதுதான் கஷ்டம். ஃப்ளூரலானர், அஃபோக்ஸோலானர் வகை மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன; நாயின் எடை பார்த்து மருத்துவர் சொல்வார். வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரை கொடுத்து மூன்றாம் வாரம் தெள்ளு தென்பட்டதும் மருந்து போலி என்று நிறுத்திவிடுகிறார்கள். அவை தரையிலிருந்து புதிதாக வந்தவை. கூட்டுப்புழுவாகக் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை மருந்து தொடாது. அது மாதக்கணக்கில் காத்திருந்து, அதிர்வும் உடல்சூடும் உணர்ந்ததும் வெளிவரும். கடைசிக் கூடு காலியாகும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் அவற்றுக்குரிய மருந்து ஒரே சமயத்தில் வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. கோணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள், மூலைமுடுக்கைக் கூட்டுங்கள்.

லாரி பட்டறைகள் நிறைந்த இடம் என்பதால் பழைய இன்ஜின் ஆயில் எளிதாகக் கிடைக்கிறது. சொறிக்கு அதைத் தடவும் வழக்கமும் இருக்கிறது. புண்பட்ட தோலை அது எரிக்கும், நாய் நக்கினால் விஷம். தயவுசெய்து வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி அரிப்பைச் சில நாள் அடக்கும், சில சமயம் அது தேவையும்தான். ஆனால் எந்த ஒவ்வாமை அரிப்பையும் அது அடக்கும் என்பதால் ஊசிக்குக் கேட்டது என்பதை வைத்து நோயைச் சொல்ல முடியாது.

மாதவரத்திலும், 1903இல் தொடங்கி இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைகள் இருக்கின்றன. போகும்போது நாய் எங்கே முதலில் கடிக்கத் தொடங்கியது, எந்தத் தேதிகளில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். மூன்று மாதம் ஒழுங்காக மருந்து கொடுத்தும் அரிப்பு நிற்கவில்லையென்றால் அடுத்த சந்தேகம் உணவின் மேல். தட்டில் தினமும் விழுந்த மீனை நிறுத்தி, அந்த நாய் அதுவரை தின்றேயிராத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த எட்டு வாரமும் தெள்ளு மருந்து நிற்காமல் தொடர வேண்டும்.